எலுமிச்சைச் சாற்றில் எழுந்த வரி

பழைய சேலைத் துண்டைப் பிரித்தபோது, கத்தி கண்ணில் படுவதற்கு முன்பே வாடை எழுந்துவிட்டது. எலுமிச்சை, அதற்கு அடியில் இரும்பு. மழை விட்டு, நோர்வூட் கடைத்தெருவில் கொஞ்சம் வெயில் விழுந்திருந்த நேரம். என் பட்டறைப் பலகைக்கு மறுபுறம் உன் மகள் நின்றுகொண்டிருந்தாள்.

"அம்மாவோட திதி வருது பெரியம்மா. சமையலுக்கு வேணும், இதக் கொஞ்சம் தீட்டிக் குடுங்க" என்றாள்.

அந்த நீலச் சேலையை எனக்குத் தெரியும். கத்தியையும் தெரியும், அதை அடித்தவள் நான்.

இத்தனை ஆண்டுகளில் அது ஒருமுறையேனும் என் கைக்குத் திரும்பியதில்லை. உன் வீட்டு அரிவாள்மணை வந்தது. தேங்காய் துருவி வந்தது. உன் கணவரின் கத்தரிக்கோல்கூட வந்தது. இது மட்டும் வரவில்லை. எங்கேனும் ஓயா ஆற்றில் எறிந்திருப்பாய் என்றே எண்ணியிருந்தேன். நான் கேட்கவில்லை, நீயும் சொல்லவில்லை. கேளாமையும் சொல்லாமையுமாக நம் நட்பு அந்தக் கத்தியைச் சுற்றிக்கொண்டு நடந்து பழகிவிட்டது, பாதையில் கிடக்கும் பாறையைச் சுற்றிக் தேயிலை பறிக்கும் கொழுந்துக்காரிகள் நடப்பதைப் போல.

பலகையில் வைத்துப் பார்த்தேன். பலமுறை தீட்டப்பட்டு வாய் மெலிந்திருந்தது. கைப்பிடியின் கொய்யாக் கட்டை உன் விரல்களின் அழுத்தத்தை வாங்கி வழவழத்திருந்தது. கத்தி இலையின் நீளம் முழுவதும் அந்த அலைவரி இருந்தது, முன்னைவிடக் கருமையாக. காலையில் மலையின் இடுப்பில் மூடுபனி படியும்போது அதன் விளிம்பு எப்படி நெளியுமோ, அப்படி. அந்த விளிம்பிலிருந்து வாய்ப்பக்கமாக மயிரிழைகள் சில இறங்கியிருந்தன. அந்த மயிரிழைகள்தாம் உன் மத்தியானங்களை உன்னிடமிருந்து பறித்தவை.

நாம் இருவரும் தோட்டப் பள்ளியில் ஒரே வாங்கில் அமர்ந்தவர்கள். நீ தோட்டத்தில் பெயர் பதிந்து கொழுந்து பறிக்கப் போனாய். நான் என் தகப்பனாரின் உலைக்கு அருகில் தங்கிவிட்டேன். பெண் கை பட்டறைக் கல்லில் படக்கூடாது என்பது அவருடைய கொள்கை. அவர் மறைந்த பிறகே நான் சுத்தியலைத் தொட்டேன். ஆகையால் எனக்குக் கற்பித்தவர் எவருமில்லை. வளைந்த கத்திகளும் கருகிய கத்திகளுமே என் பாடங்கள். தமிழையும் அப்படித்தான் கற்றேன்: ஆணி சுற்றிவந்த செய்தித்தாள்களிலிருந்து, கோயில் திருவிழா அறிவித்தல்களிலிருந்து, தொழிற்சங்கக் கூட்டத்து மேடைப்பேச்சுகளிலிருந்து. என் வாக்கியங்கள் நீளமானவை என்று ஊரே சிரிக்கும். நீ ஒரு படி மேலே போவாய். "இவகிட்ட வெத்தல கேட்டா, நல்வரவுன்னு ஆரம்பிச்சு நன்றியுரை வரைக்கும் சொல்லிட்டுத்தான் குடுப்பா" என்பாய். நான் அதைப் புகழுரையாகவே எடுத்துக்கொண்டேன். இன்றைக்கும் அப்படித்தான்.

ஒருநாள் மழைக்கு ஒதுங்கியவளைப் போலப் பட்டறைக்குள் வந்தாய். வந்தவள் உட்காரவில்லை. "கவ்வாத்துக்குப் பேரு குடுத்திருக்கேன். எனக்கு ஒரு கத்தி அடிச்சுத் தா" என்றாய்.

தேயிலைச் செடியை இடுப்பளவில் வெட்டி இறக்கும் கவ்வாத்து, நம் தோட்டத்தில் ஆண்களின் வேலை. ஆனால் ஆண்கள் கொழும்புக்குப் போய்க்கொண்டிருந்த காலம் அது. மலையில் கத்தி பிடிக்க ஆள் போதவில்லை. மலைவேலையை மேற்பார்க்கும் கண்டாக்கு ஐயாவிடம் நீ எத்தனை முறை போய் நின்றாய் என்பது உனக்குத்தான் தெரியும். கடைசியில் அவர், கவ்வாத்து தொடங்கும் பூசையன்று வந்து மற்றவர்களோடு நில், பார்ப்போம் என்றிருக்கிறார். வீம்புக்காக நீ அதைக் கேட்கவில்லை. கவ்வாத்துக்காரர் தமக்கு அளந்துவிட்ட செடிகளை முடித்தால் மத்தியானத்தோடு வீடு திரும்பலாம்; கொழுந்துக்காரிக்கு மாலையில் கொழுந்து நிறுவை முடியும்வரை மலைதான். உன் மகள் அப்போது சின்ன வகுப்பில் படித்துக்கொண்டிருந்தாள். "ஸ்கூல் விட்டு வந்து பூட்டுன கதவுல சாஞ்சிக்கிட்டு உக்காந்திருக்கு புள்ள. நான் வந்து பாக்குறப்ப தூங்கியிருக்கும். எனக்கு மத்தியானம் வேணும்டி" என்றாய். அவ்வளவே உன் கோரிக்கை. உலகத்தில் அதைவிடச் சிறிய கோரிக்கையை நான் கேட்டதில்லை.

ஆண்களின் கத்திகள் உன் கைக்குப் பாரம். உன் மணிக்கட்டை அளந்து, உனக்கென ஒன்றை வடித்தேன். மர ஆலையில் தேய்ந்து ஒதுக்கப்பட்ட பெரிய அரம் ஒன்று என்னிடம் இருந்தது. அரத்தின் எஃகு உறுதியானது; அதைவிட நல்லது அன்று என் பட்டறையில் இல்லை. பற்களை அழித்து, நீட்டி, நுனியை வளைத்து, முதுகைத் தடிப்பாகவும் வாயை மெல்லியதாகவும் இழைத்தேன். பிறகு உலையில் செந்நிறம் ஏற்றி, சூடாக்கிய எண்ணெயில் தோய்த்தேன். எஃகுக்குக் கடினம் வருவது அந்தத் தோய்ச்சலில்தான். சீறி அடங்கிய கத்தியை வெளியே எடுத்தபோது அது வளையவுமில்லை, உடையவுமில்லை. மிதமான தணலில் மறுபடி காய்ச்சி அதன் முரட்டுத்தனத்தைத் தணித்து, உப்புத்தாளால் தேய்த்து வெளுப்பாக்கினேன். நீ பக்கத்திலேயே இருந்தாய். துடைக்கும் துணி உன் கையில் இருந்தது.

நம் மலைகளின் வழக்கத்தை நான் உனக்கு நினைவூட்ட வேண்டியதில்லை. புதிய கத்தியை அடித்தவர், அதனாலேயே ஓர் எலுமிச்சங்காயை அறுத்து, ஒரு பாதியைக் கத்தியின் இலையில் தேய்த்து, மறுபாதியை உடையவர் கையில் கொடுக்க வேண்டும். அப்படியே செய்தேன். சாறு வழிந்த இடத்தில், நாம் பார்த்துக்கொண்டிருக்கும்போதே, வெண்மை மங்கி அந்த வரி எழுந்தது.

"என்னடி இது, பாம்பு ஊந்த மாதிரி?" என்றாய்.

அதுவரை நான் மெல்லிய தகட்டிரும்பிலும் பழைய வண்டி வில்லிரும்பிலுமே கத்தி அடித்திருந்தேன். அவற்றில் எலுமிச்சை தேய்த்தால் ஒரே சீராகக் கறுக்கும், வரி விழாது. கறையாக இருக்கலாம் என்று இருவரும் முடிவு செய்தோம். உப்புத்தாளை மீண்டும் எடுத்தேன். தேய்க்கத் தேய்க்க வரி மறைந்தது, கண்ணாடி போலாயிற்று. "போயிருச்சு பாரு" என்று நீ உன் முகத்தை அதில் பார்த்தாய், பொட்டைச் சரிசெய்துகொண்டாய். அழித்தது மேற்பரப்பைத்தான், வரி உள்ளே அப்படியே இருக்கிறது என்பது நம் இருவருக்கும் தெரியாது.

பூசையன்று என்னையும் வரச்சொன்னாய். மலையடியில் கவ்வாத்துச் சாமியின் கல்லுக்கு மஞ்சள் பூசி, தேங்காய் உடைத்து, எல்லாருடைய கத்திகளையும் வரிசையாகப் படைத்திருந்தார்கள். நீ அந்த நீலச் சேலையில் இருந்தாய். முழங்காலுக்குக் கீழே சாக்கு கட்டியிருந்தாய். சூடம் அணைந்ததும் ஒவ்வொருவரும் தத்தம் கத்தியால் எலுமிச்சங்காய் அறுத்து இலையில் தேய்த்தார்கள். நீயும் தேய்த்தாய். நான் உன் கையையே பார்த்துக்கொண்டிருந்தேன். ஆகவே வரி திரும்பி வந்ததை உனக்கு முன்பே நான் கண்டேன்.

பக்கத்தில் நின்றவன் ஒருவன் எட்டிப் பார்த்தான். "எலுமிச்சங்காயக் கண்டதும் மாறுதே, கத்திக்கு மசக்கையா?" என்றான். சிரிப்பு வரிசை நெடுகப் போயிற்று. "உன் பொண்டாட்டி மசக்கைக்கு நீ வாங்கிக் குடுக்காத எலுமிச்சங்காதான்யா இது" என்று நீ திருப்பிக் கொடுத்தாய். அப்போது சிரித்தவர்கள் உன் பக்கம் நின்றுதான் சிரித்தார்கள். அந்த ஒரு கணம் எல்லாம் சரியாகிவிடும் போலிருந்தது.

கவ்வாத்துக் கங்காணி சிரிக்கவில்லை. அவர் கெட்டவர் அல்லர். இதை அன்றே சொன்னேன், இன்றும் சொல்கிறேன். முன்பு ஒருமுறை வெடிப்பு விழுந்த கத்தி ஒன்று வீச்சில் உடைந்து பக்கத்து ஆளின் தொடையில் பாய்ந்ததை அவர் நேரில் கண்டவர். கத்தியை வாங்கி, வெயிலுக்குத் திருப்பி, அந்த மயிரிழைகளை நகத்தால் தடவினார். பிறகு கூட்டத்தில் நின்ற என்னைக் கூப்பிட்டார்.

"நீங்க செஞ்ச கத்திதானே?"

ஆம் என்றேன்.

"இது வெடிப்பா, வெடிப்பு இல்லையா? ஒரு சொல்லு சொல்லுங்க. நீங்க இல்லைன்னு சொன்னா நான் விட்டுர்றேன்."

எத்தனை சொற்கள் தெரிந்தவள் நான். மலை முழுவதும் என் வாயைப் பார்த்துக்கொண்டு நின்றது. நீயும் பார்த்தாய். இல்லை என்று சொல்ல நாக்கு எழுந்தது. ஆனால் உனக்கு அடுத்த வரிசையில் நிற்கப்போகிறவனின் கால்கள் என் கண்ணில் பட்டன. உன் கால்களும் பட்டன. வெறும் சாக்குத்துணி கட்டிய கால்கள்.

"எனக்குத் தெரியாது" என்றேன்.

அது உண்மை. உண்மையைச் சொன்னதற்காக நான் வருந்தவில்லை. அன்றைய இடத்தில் மறுபடி நிறுத்தினாலும் அதையேதான் சொல்வேன். நான் வருந்துவது வேறொன்றுக்காக. அதைப் பிறகு சொல்கிறேன்.

பூசையன்று பிறர் கத்தியை இரவல் கேட்பதும் கொடுப்பதும் நம்மவர்களிடம் வழக்கமில்லை. படையலில் வைத்த கத்தியோடு நிற்பவருக்குத்தான் அந்த மலையில் வரிசை. உன் வரிசைக்கு தோட்டத்தின் வேறு டிவிசனிலிருந்து ஓர் ஆளை அழைத்தார்கள். கண்டாக்கு ஐயா, அடுத்த கவ்வாத்துக்குப் பார்ப்போம் என்றார். அடுத்த கவ்வாத்து வருவதற்குள் அவர் மாற்றலாகிப் போனார். புதிதாக வந்தவர், பொம்பளைக்குக் கவ்வாத்தா என்று கேட்டதோடு சரி.

நாம் இருவரும் மலையிறங்கினோம். உன் லயத்து வீட்டுக்குத் திரும்பும் முடக்கில் நின்று, கூடைக் கயிற்றை எடுக்கப் போகிறேன் என்றாய். கொழுந்துக்காரிகள் கூடும் பெரட்டுக்கு இன்னும் நேரமிருந்தது. பிறகு என்னைப் பார்த்துச் சொன்னாய்: "ஒரு பொய் சொல்லியிருக்கலாம்டி. ஆனா நீ சொல்லியிருந்தா, அந்தக் கத்திய ஓங்குறப்பல்லாம் எனக்குக் கை நடுங்கியிருக்கும்."

ஆறுதலா, குற்றச்சாட்டா என்று அன்றிலிருந்து யோசிக்கிறேன். நீ இரண்டையும் ஒரே மூச்சில் சொல்லக்கூடியவள்.

அதன்பின் வாழ்க்கை நடந்தது. நீ நிறுவை முடிந்து வரும்வரை உன் மகள் கதவில் சாய்ந்து காத்திருந்தாள்; காத்திருந்தே வளர்ந்தாள். ஞாயிற்றுக்கிழமைகளில் நீ கடைத்தெருவுக்கு வரும்போது என்னிடம் தேநீர் குடிப்பாய். என் நீண்ட வாக்கியங்களைக் கேலி செய்வாய். அரத்திரும்பில் கத்தி அடிப்பதை நான் விட்டுவிட்டேன் என்பதை நீ கவனித்தாயா என்று எனக்குத் தெரியாது. ஆஸ்பத்திரியில் கடைசியாக உன்னைப் பார்த்தபோது, தோடம்பழம் உரித்துக்கொண்டு நான் ஏதோ பேசிக்கொண்டிருந்தேன். "சுருக்கிச் சொல்லு, மணி அடிச்சா வெளியே போகச் சொல்லிருவாங்க" என்றாய். மணி அடித்தது. போகச் சொன்னார்கள்.

இனி, நான் வருந்துவது. நீ போன பிறகு வந்த வெயில் காலத்தில், யாரோ விற்ற பழைய அரம் ஒன்று கைக்கு வந்தது. ஏனோ அதை அடிக்கத் தோன்றியது. தோய்த்தேன், வெளுப்பாக்கினேன், எலுமிச்சை தேய்த்தேன். அதே அலை எழுந்தது. இம்முறை என்னிடம் கைப்பேசி இருந்தது. தேடினேன். எந்த நாட்டவரோ, எந்த மொழியோ, ஒரு கொல்லர் தம் கத்தியை ஒளிப்படக்கருவிக்கு முன் திருப்பித் திருப்பிக் காட்டிக்கொண்டிருந்தார். அதே வரி, அதே மயிரிழைகள். அவர் அஞ்சவில்லை. பிறந்த குழந்தையைக் காட்டுபவரைப் போலச் சிரித்தார். அவர் சொன்னதில் ஒரு சொல்லும் விளங்கவில்லை; அந்தச் சிரிப்பு விளங்கியது. அதற்குப் பிறகே தமிழிலும் அரைகுறை ஆங்கிலத்திலும் கிடைத்ததையெல்லாம் படித்தேன்.

தோய்ச்சலில் மெல்லிய வாய்ப்பகுதி விரைவாகக் குளிர்ந்து மிகக் கடினமாகிறது. தடித்த முதுகு மெதுவாகக் குளிர்ந்து சற்று மென்மையாக நின்றுவிடுகிறது. இரண்டும் சந்திக்கும் எல்லை வெறுங்கண்ணுக்குத் தெரியாது. புளிப்புப் பட்டால் இரண்டும் வெவ்வேறு விதமாகக் கறுப்பதால், அந்த எல்லை வரியாகவும் அதன் கிளைகள் மயிரிழைகளாகவும் எழுகின்றன. அவ்வளவுதான். அது குறையன்று. வாய் வெட்டும், முதுகு தாங்கும் என்பதற்கு எஃகு தானே எழுதிக் கொடுத்த சான்று. நான் அறியாமலே, உனக்கு என் வாழ்நாளின் மிகச் சிறந்த கத்தியைச் செய்து கொடுத்திருந்தேன்.

அதைவிட என்னைச் சுட்டது வேறு. வெடிப்பா இல்லையா என்று பார்க்க ஒரு வழி இருக்கிறது. கத்தியில் மண்ணெண்ணெய் தடவிச் சற்று நேரம் வைத்து, நன்றாகத் துடைத்துவிட்டு, வெண்கட்டியைப் பொடித்துத் தூவ வேண்டும். வெடிப்பிருந்தால் உள்ளே ஒளிந்த எண்ணெய் கசிந்து வெள்ளையில் கோடு போடும். இல்லையென்றால் வெள்ளை அப்படியே இருக்கும். மண்ணெண்ணெய் அன்றும் என் பட்டறை மூலையில் போத்தலில் இருந்தது. வெண்கட்டி கதவு நிலையின் மேல் இருந்தது. யாருக்கு என்ன வேலை என்று அதைக் கொண்டுதான் கதவில் எழுதுவேன். துடைக்கும் துணியை நீயே கையில் வைத்திருந்தாய். எல்லாம் இருந்தன. அவற்றை ஒன்றாகச் சேர்க்கும் அறிவு மட்டும் எங்கோ தொலைவில் இருந்தது. தானே கற்றவள் என்று தலைநிமிர்ந்து சொல்லிக்கொள்பவளுக்கு இது நேரக்கூடியதுதான். எதை முதலில் கற்க வேண்டும் என்று சொல்ல ஆளில்லாமல், எது கைக்கு எட்டியதோ அதைக் கற்கிறோம். எனக்கு முதலில் எட்டியவை சொற்கள்.

இன்று உன் மகளிடம் இதையெல்லாம் முறையாக எடுத்துரைக்க வேண்டும் என்று நினைத்தேன். அறிமுகம், விளக்கம், முடிவுரை என்று மனத்துக்குள் அடுக்கியும்விட்டேன். தொடங்குவதற்கு, இதை யாரிடம் தீட்டினீர்கள் என்று கேட்டேன்.

"அம்மா ஹட்டனுக்கு பஸ் ஏறிப் போய்த் தீட்டிக்கிட்டு வருவாங்க" என்றாள்.

ஊறுகாய்க்கு எலுமிச்சங்காய் நறுக்குகிற கத்திக்கு ஹட்டன் வரை போவார்களா என்றேன்.

"ஊறுகாய்க்கு மட்டுமா? லயத்துக்குப் பின்னால காடாக் கெடந்த தேயிலையைத் தோட்டத்துல பாத்துக்கச் சொல்லிக் குடுத்தாங்கள்ல, அது முழுக்க இந்தக் கத்தியாலதான் அம்மா கவ்வாத்து பண்ணாங்க. மொத நாளு என்னையும் அப்பாவையும் தூரமா நிக்கச் சொல்லிட்டு, அவங்க மட்டும் வெட்டுனாங்க. மரமாகிப் போன செடி பெரியம்மா அது. ஒண்ணும் ஆகல்ல."

அவள் சொல்லச் சொல்ல நான் உன்னைக் கண்டேன். ஒருவரும் பக்கத்தில் இல்லாத மலைச்சரிவில், உடைந்தால் உனக்கு மட்டும் உடையட்டும் என்று கத்தியை ஓங்கி நின்ற உன்னை. எனக்கு முன்பே நீ அதைத் தெரிந்துகொண்டாய். நான் படித்து அறிந்ததை நீ வெட்டி அறிந்தாய்.

ஏன் என்னிடம் சொல்லவில்லை? என் வாய் கேட்டுவிட்டது. உன் மகள் சேலைத் துண்டை மடித்தபடி தயங்கினாள். பிறகு உன் குரலிலேயே சொன்னாள், அந்த இழுவையோடு: "'அவகிட்டக் கொண்டு போகாத. வெடிப்பில்லன்னு தெரிஞ்சா, அன்னிக்குச் சொல்லாமப் போயிட்டோமேன்னு செத்துப்போயிருவா'ன்னு சொல்லுவாங்க."

நீ எனக்குச் சொல்லாமல் காத்ததும், நான் உனக்குச் சொல்ல முடியாமல் போனதும் ஒரே செய்தி. ஞாயிறுதோறும் அந்தப் பலகையின் இருபுறமும் அமர்ந்து தேநீர் குடித்தபோது, நீ என் நிம்மதிக்காக அதை விழுங்கிக்கொண்டிருந்தாய். நானோ, நீ என்மீது கொண்ட வருத்தத்தால்தான் கத்தியை மறைக்கிறாய் என்று எண்ணி, அந்தப் பேச்சை எடுக்காமலே இருந்தேன். ஒருமுறை, ஒரே ஒருமுறை, நீ அதை என் முன் வைத்திருந்தால் இருவரும் சேர்ந்து சிரித்திருப்போம். மசக்கைக் கத்தி என்று பெயர்கூட வைத்திருப்பாய்.

கத்தியைத் தீட்டினேன். வரியில் கை வைக்கவில்லை. பிறகு மண்ணெண்ணெய் தடவினேன், துடைத்தேன், வெண்கட்டிப் பொடியைத் தூவினேன். உன் மகள், இது என்ன புதுச் சடங்கு என்பதைப் போலப் பார்த்தாள். இருவரும் குனிந்து காத்திருந்தோம். வெள்ளை வெள்ளையாகவே இருந்தது.

அடுக்கி வைத்திருந்த உரை எதுவும் நினைவுக்கு வரவில்லை. "வெடிப்பில்லை" என்றேன்.

"அதுதான் எங்களுக்குத் தெரியுமே பெரியம்மா" என்றாள்.

எண்ணெயும் பொடியும் போக நன்றாகக் கழுவித் துடைத்து, ஓர் எலுமிச்சங்காயை அறுத்து, ஒரு பாதியை இலையில் தேய்த்தேன். மறுபாதியை அவள் கையில் கொடுத்தேன். அவள் பஸ்ஸுக்கு நேரமாயிற்று என்று நடந்தாள். இப்போது என் கையில் அந்தப் பிழிந்த பாதியின் வாடை இருக்கிறது. மடியில் வெண்கட்டி இருக்கிறது. நீ போன பிறகு அதைக் கதவு நிலையின் மேல் வைப்பதில்லை. கத்தி வாங்க வருகிற ஒவ்வொருவர் முன்னும் பொடித்துத் தூவிக் காட்டுகிறேன். கத்தி வாங்க வந்தால் பள்ளிக்கூடம் நடத்துகிறீர்களே அம்மா என்று சிலர் சலித்துக்கொள்கிறார்கள். வெள்ளை மாறாமல் நிற்பதை அவர்களே பார்க்கும்வரை காத்திருந்து, அதற்குப் பிறகு, நீ கேட்டுக்கொண்டபடி, சுருக்கமாக ஒரு சொல் மட்டும் சொல்கிறேன்.